பக்கம் பி, நீடாமங்கலம்

வெயில் படக்கூடாதென்று பெட்டிமேல் எழுதியிருந்தது.
வேன் ரயில்வே கேட்டில் நின்றது நாற்பது நிமிடம்.
ஒரு சரக்கு ரயில், அதற்கு எதிரே இன்னொன்று,
பிறகு காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம்.
சித்திரை மாதத் தகரத்துக்குள்
எங்கள் முதல் டிஸ்கோ தட்டுகள்
எண்ணெயில் விழுந்த நொடி அப்பளம்போல்
நெளியலாமா என்று யோசித்தன.

முந்நூறு அச்சடித்தோம். செக் நாட்டு ஆலை.
ஏழங்குலம், நாற்பத்தைந்து சுற்று,
நடுவில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை.
ஒசாகாக்காரர்கள் கேட்காமலே பணம் அனுப்பினார்கள்.
பாக்கி இருபத்தைந்து ஊருக்கு வந்தது,
சுங்கவரியாக என் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிட்டு.

நான் அரைவை மில்லில் எடைமேடைக் கணக்கு.
லாரி ஏறும், எண் நிற்கும், எழுதுவேன்.
அன்று மேசைக் கண்ணாடிமேல்
தட்டுத் தட்டாக வைத்துக் குனிந்து பார்த்தேன்.
ஒன்பது நெளிசல்.
நெளிந்ததிலும் ஊசி ஓடியது,
வரப்பில் சைக்கிள் விடுகிறவன் மாதிரி
இதோ விழுகிறேன், இதோ விழுகிறேன் என்று
விழாமல்.

தஞ்சாவூரிலிருந்து இளந்திரையன் பேசினார். பல் மருத்துவர்.
ஆயிரத்து நானூறு தட்டு, ஒன்றிலும் கீறல் கிடையாது,
ஒன்றையும் போட்டது கிடையாது.
"உறை பிரிக்காம ஒண்ணு. மூலை மடங்கியிருந்தா வேணாம்."

கூத்தாநல்லூர் ஜைலாபுதீன் பேசினான்.
"குரல் வர்றதுக்கு முன்னாடி டிரம் எவ்வளவு நேரம் தனியா நிக்குது?"
பதினாறு சுற்று என்றேன்.
"ரெண்டு தட்டு எடுத்து வை.
மாத்தி மாத்தி ஓட்டி விடியிற வரைக்கும் நிக்க வைக்கிறேன்."

பாஸ் வாசித்தது செவ்வந்தி.
மின்வாரியம், குடவாசல் பிரிவு.
கம்பி இழுத்துக் காய்த்த கட்டைவிரல் அது,
தடவாது, அறையும்.
கிடங்கில் மூட்டை அடுக்கி, எதிரொலியை உமிக்குத் தின்னக் கொடுத்து
இரண்டே இரவில் பதிவு செய்தோம்.

சனிக்கிழமை அதே கிடங்கு.
கோடை அறுவடைக்கு வந்த ஆத்தூர் மெஷின் டிரைவர்கள்,
நர்சிங் மாணவிகள் ஏழெட்டுப் பேர்,
சட்டையை இன் பண்ணிய இளந்திரையன்,
மார்போடு அணைத்த தட்டோடு.
ஓட்டைக்குப் போடும் வில்லையை ஜைலாபுதீன் மறந்துவிட்டு வந்திருந்தான்.
வாழைத்தண்டில் ஒரு வட்டம் சீவினோம்.
மயிரிழை விலகினாலும் பாட்டு தள்ளாடும்.
தள்ளாடியது.
ஆடுகிறவர்கள் அதையும் சேர்த்து ஆடினார்கள்.

பி பக்கம், பாஸ் இறங்கும் இடம்,
கரண்ட் போனது.
தட்டு மெதுவாகி, பாடினவள் ஆணாகி,
ஆண் எருமையாகி,
நின்றது.

யாரும் நிற்கவில்லை.
நூறு குதிகால் சிமெண்டில் அதே நாலு அடி.
செவ்வந்தி கூட்டத்தை விலக்கி வெளியே போனாள்.
டிரான்ஸ்பார்மர் பக்கம் டார்ச் வெளிச்சம்,
ஒரு கெட்ட வார்த்தை, பிறகு வெளிச்சம்.
பாட்டு அரை அடி தள்ளி வந்து சேர்ந்தது.
கால்கள்தான் விட்டுக்கொடுத்தன.

நள்ளிரவில் நெளிந்த தட்டு குதிக்க ஆரம்பித்தது.
நல்லதெல்லாம் விற்றாகிவிட்டது.
ஜைலாபுதீன் இளந்திரையனைப் பார்த்தான்.
அவர் தட்டைக் கொஞ்சம் பின்னால் மறைத்தார்,
பல் பிடுங்கக் கூப்பிட்ட குழந்தை மாதிரி.
கார் கிளம்பும் சத்தம் கேட்டது.
நாங்கள் ஏ பக்கம் போட்டோம்.

காலை ஆறு மணிக்கு அவர் நம்பர்.
"ஒண்ணு கேக்கணும்.
பி பக்கத்துல, மூணாவது நிமிஷம்,
தூரத்துல ரயில் ஊதுது.
எல்லாத்துலயும் இருக்கா?
என்னோடதுல மட்டுமா?"

பதிவு செய்த இரவும் கேட் போட்டிருந்தார்கள்.
முந்நூறிலும் ஊதும் அது, ஒசாகாவிலும்.

உங்களோடதுல மட்டும்தான் சார், என்றேன்.